வெள்ளாமை பார்க்க வந்த கூட்டம்

கொடைக்கானலுக்குக் காரில் போக இப்போது இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த நடைமுறை வந்தது. எத்தனை பேர், என்ன வண்டி, அன்றே திரும்புவதா தங்குவதா, எங்கே தங்குவது என்று எல்லாம் சொல்ல வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கு விலக்கு உண்டு. நான் பிறந்தது அந்த மலையில் பூம்பாறையில்தான். ஆனால் கல்யாணமாகிப் பெரியகுளத்துக்கு இறங்கி வந்துவிட்டவள். ரேஷன் கார்டும் வண்டியும் தேனி மாவட்டம். அதனால் அப்பாவின் திதிக்குப் போகும்போதும் எனக்குப் பாஸ் வேண்டும். தங்குமிடம் என்ற இடத்தில் அண்ணன் வீட்டு முகவரியைப் போடுகிறேன். வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கத்துச் சாவடியில் ஒரு பையன் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரிங்க மேடம், போகலாம்" என்கிறான்.

இதில் எனக்கு மனக்குறை எதுவும் கிடையாது. மே மாதச் சனிக்கிழமைகளில் பெருமாள்மலையிலிருந்து ஊருக்குள் நுழைவதற்குள் பிள்ளைகள் பசியில் அழுவதையும், ஆம்புலன்ஸ் நகர இடமில்லாமல் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். கட்டுப்பாடு வரத்தான் வேண்டும். நான் யோசிப்பது வேறு. நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் இதே அரசாங்கம் ஆளைக் கூப்பிடுவதற்கு எவ்வளவு பாடுபட்டது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

1982 குறிஞ்சி பூத்த வருஷம். அப்போது திண்டுக்கல் மாவட்டமே கிடையாது. நாங்கள் மதுரை மாவட்டம். பூம்பாறையில் மேல்வகுப்பு இல்லாததால் கொடைக்கானலில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். செப்டம்பர் 27 உலக சுற்றுலா தினத்துக்குக் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். தலைப்பு, சுற்றுலாவினால் விளையும் நன்மைகள். தமிழ் அம்மா குறிப்பு எழுதிப் போட்டார்கள்: அந்நியச் செலாவணி, வேலைவாய்ப்பு, தேசிய ஒருமைப்பாடு, கைவினைத் தொழில் வளர்ச்சி. நாங்கள் அத்தனை பேரும் அதையே விரித்து எழுதினோம். அந்தக் குறிப்பில் விவசாயம் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் அப்போது யாருக்கும் தெரியவில்லை. சுற்றுலா என்றால் ஏரி, பிரையண்ட் பூங்கா, கோக்கர்ஸ் வாக், தூண்பாறை. பூம்பாறைக்கு வேடிக்கை பார்க்க வந்த வெளியாளை நான் சின்ன வயதில் கண்டதே இல்லை.

அரசாங்கம் அப்போது பட்ட கவலை நியாயமானது. கொடைக்கானலுக்கு வருமானம் என்பது ஏப்ரல், மே, ஜூன் பாதிவரை. பிறகு செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன் என்று சொல்லிக்கொள்ளச் சில வாரங்கள். மற்ற மாதங்களில் மழையும் மூடுபனியும்தான். குதிரைக்காரர், போட்டோக்காரர், சாக்லேட் கடைக்காரர் எல்லாரும் ஏரிக்கரையில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். இருக்கும் சீசனிலாவது ஆளை நிறையக் கூட்டத்தான் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும். 1971-ல் தொடங்கிய தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ஓட்டல் கட்டியது, படகுக் குழாம் நடத்தியது, மலைகளின் இளவரசி என்று ஊர் ஊராக விளம்பரம் ஒட்டியது. மலைக்கு வந்து தங்க வசதி இல்லாத நடுத்தரக் குடும்பங்களும் வரட்டும் என்பதுதான் எண்ணம். வெள்ளைக்காரப் பாதிரிமார்களும் கலெக்டர்களும் தங்களுக்காக உண்டாக்கிக்கொண்ட ஊர் அது. 1863-ல் ஏரியை அமைத்தவரே மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச்தான். அந்த ஊருக்கு ஒரு ஆலைத் தொழிலாளி தன் பெண்டு பிள்ளைகளோடு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போக முடிந்தது என்றால் அது சாதாரண சாதனை இல்லை. அதை இன்றைக்கும் நான் மதிக்கிறேன்.

எங்கள் அப்பாவுக்கும் கோடை விழாவுக்கும் இருந்த சம்பந்தம் பஸ் நெரிசல் மட்டும்தான். அவர் பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டவர். பூம்பாறை கொடைக்கானலிலிருந்து ஏறக்குறைய 18 கிலோமீட்டர். பள்ளத்தாக்கு முழுக்கப் படிப்படியாக இறங்கும் பாத்திகள். கீழ்ப் பாத்தியில் விளைந்ததை ரோட்டுக்குக் கொண்டுவரக் குதிரைதான். ஒரு குதிரைக்கு இரண்டு மூட்டை, இரண்டு பக்கமும் எடை ஒத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வளைவில் சரிந்துவிடும். அங்கிருந்து லாரி ஏறி வடுகபட்டிச் சந்தை. பூண்டைப் பிடுங்கியதும் விற்றுவிட மாட்டார்கள். தாளோடு சேர்த்துக் கற்றை கட்டி அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவார்கள். விறகுப் புகை ஏற ஏறத் தோல் பழுப்பேறி இறுகும். எங்கள் வீட்டில் சமையலுக்கென்று எரிந்த அடுப்பைவிடப் பூண்டுக்கென்று எரிந்த அடுப்பு அதிகம். என் பாவாடை தாவணியெல்லாம் அந்த வாசம் அடிக்கும். விடுதியில் மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பிடிப்பார்கள். அப்படிப் புகை கண்ட பூண்டு மாசக்கணக்கில் கெடாது. உரித்தால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும், காரம் கண்ணுக்கு ஏறும்.

அந்தப் பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடைக்கானலில் இருக்கும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அதற்காக உழைத்தது. சேதி வந்த அன்று அண்ணன் போன் போட்டு, "நம்ம பூண்டுக்குப் பட்டம் குடுத்திருக்காங்கம்மா" என்றார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்பு எப்போது கேட்டேன் என்று தெரியவில்லை. அப்பா இருந்திருக்கலாம் என்று இருந்தது.

இன்று கொடைக்கானல் கடைவீதியில் எங்கு பார்த்தாலும் மலைப்பூண்டு என்ற பலகை தொங்குகிறது. அதில் பாதிக்கு மேல் மலைப்பூண்டு இல்லை என்பது எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் கண்ணால் பார்த்தாலே தெரியும். பல் பெரிதாக, தோல் வெள்ளை வெளேரென்று, புகை வாசமே இல்லாமல் இருக்கும். வெளியூரிலிருந்து மூட்டை மூட்டையாக மலையேறி வந்த பூண்டு அது. சுற்றுலா வந்தவர் அதை வாங்கிக்கொண்டு இறங்குகிறார். எங்கள் பூண்டு வடுகபட்டிக்கு இறங்குகிறது. இரண்டும் டம்டம் பாறைப் பக்கம் எங்கேயோ ஒன்றையொன்று கடந்து போகும். படகுக் குழாமை நடத்தும் அரசாங்கத்துக்கு அதன் வாசலில் பூண்டு விளைவித்தவனுக்கென்று ஒரு கடை போட்டுக் கொடுப்பது முடியாத காரியமா? குறியீடு வாங்கிக் கொடுத்ததோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். அது பாதி வேலைதான்.

ஊர் மாறிய கதையை எனக்குக் குறிஞ்சி வருஷங்களை வைத்துத்தான் சொல்ல வரும். 1994-ல் பூத்தபோது என் மூத்த பிள்ளை கைக்குழந்தை. அதற்கு மூன்று வருஷம் முன்புதான் 'குணா' வந்திருந்தது. படம் எடுத்த குகையைத் தேடி ஆட்கள் போக ஆரம்பித்திருந்தார்கள். 2006-ல் பூத்தபோது தபால் துறை குறிஞ்சிக்குத் தபால்தலை போட்டது. அதே வருஷம்தான் எர்ணாகுளத்துப் பையன்களில் ஒருவன் அந்தக் குகைப் பள்ளத்தில் விழுந்து, கூட வந்த நண்பனே இறங்கிக் காப்பாற்றினான். அது 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்று படமாக வந்ததும், வேலி போட்டு வைத்திருந்த இடத்துக்குக் கூட்டம் திரண்டு போனது. ஒரு பிள்ளை செத்துப் பிழைத்த இடம் என்று கேட்டவர்களுக்குப் பயம் வரவில்லை, பார்க்கும் ஆசைதான் வந்தது. பைன் காடும் அப்படித்தான். பிரையண்ட் என்ற வன அதிகாரி 1906-ல் மரத்துக்காக வைத்த காடு. நான் சின்னவளாக இருந்தபோது அதன் வழியாகப் போனால் ஊசி இலை வழுக்கும், சீக்கிரம் நட என்பார்கள். இன்று அங்கே போக வனத்துறைக்குக் கட்டணம் கட்ட வேண்டும்.

2018-ல் பூத்த குறிஞ்சியைப் பார்க்க நான் ஊருக்குப் போனபோதுதான் எங்கள் பள்ளத்தாக்கும் பார்க்கும் இடமாகிவிட்டது உறைத்தது. பூம்பாறைக்கு இறங்கும் முன் ரோட்டில் ஒரு வளைவு உண்டு. அங்கே நின்றால் ஊரும் குழந்தை வேலப்பர் கோயிலும் பாத்திகளும் ஒரே பார்வையில் விழும். நாங்கள் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்தா நம்ம வீடு" என்று காட்டிக்கொண்ட இடம். இப்போது அது வியூ பாயிண்ட். கார்கள் வரிசையாக நிற்கின்றன. மேகி, பிரெட் ஆம்லெட், வேகவைத்த சோளம், காரட் கட்டு. கல்யாண ஜோடிகள் கேமராக்காரரோடு வருகிறார்கள். கீழே பச்சையும் பழுப்பும் கலந்த படிகள் அவர்களுக்குப் பின்னால் தெரிய வேண்டும் என்று கேமராக்காரர் இடம் தேடி நிறுத்துகிறார். அந்தப் படிகளில் ஆறேழு எங்கள் அண்ணனுடையவை.

படி என்பது தானாக நிற்பது இல்லை. வடகிழக்குப் பருவமழை ஒவ்வொரு வருஷமும் எங்கேயாவது ஒரு கல்லுக்கட்டைச் சரித்துவிட்டுத்தான் போகும். சரிந்ததை அந்த மாதமே எடுத்துக் கட்டாவிட்டால் அடுத்த மழையில் மேல் பாத்தி மண் முழுதும் கீழ் பாத்தியில் கிடக்கும். சிமெண்டு போடக் கூடாது. அடியில் பெருங்கல்லை அகலப்பக்கம் தரையில் படும்படி உட்கார வைக்க வேண்டும். மேலே போகப் போகச் சின்னக் கல். சுவர் மலைப்பக்கமாக ஒரு சாண் சாய்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வரி ஏறும்போதும் பின்னால் சல்லியைக் கொட்டி இடித்துவிட வேண்டும். மழைத்தண்ணீர் அந்தச் சல்லி வழியாக இறங்கிக் கல் இடுக்கில் கசிந்து வெளியேறும். தண்ணீர் போக வழி இல்லாத சுவர் வயிறு ஊதி விழுந்துவிடும். அண்ணன் ஒரு கல்லைக் கையில் எடுத்ததும் இரண்டு முறை திருப்பிப் பார்ப்பார், மூன்றாவது முறை அது தன் இடத்தில் உட்கார்ந்திருக்கும். போன தடவை நான் போனபோது எழுபதை நெருங்கும் அந்த மனிதர் தனியாக அதைச் செய்துகொண்டிருந்தார்.

"கூட ஆள் வைக்கலையாண்ணே?"

"ஆளா? எல்லாரும் காட்டேஜ் வேலைக்குப் போறாங்கம்மா. அங்க குடுக்குற கூலி நான் குடுத்தா பூண்டு வித்துக் கட்டுமா?"

அப்போது மேலேயிருந்து மூன்று பிள்ளைகள் பாத்தி வழியாக இறங்கி வந்தார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் போல. "அண்ணா, இங்க நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்றாள் ஒரு பெண். மரியாதையான பிள்ளைகள்தான். "எடுத்துக்க தாயி, முளைய மட்டும் மிதிச்சிராத. வரப்புல நில்லு" என்றார் அண்ணன். எடுத்துக்கொண்டார்கள். நன்றி சொன்னார்கள். கூடையிலிருந்த காரட்டை ஆளுக்கு ஒன்று கொடுத்தார். காசு வாங்கவில்லை.

அந்தப் பிள்ளைகள் மலைக்கு வந்ததில் பெட்ரோல் பங்க், ஓட்டல், விடுதி, படகு, நுழைவுக் கட்டணம், பார்க்கிங் என்று வழியெல்லாம் பணம் கொடுத்திருப்பார்கள். எதைப் பார்க்க இவ்வளவு தூரம் ஏறி வந்தார்களோ அதைக் கல் கல்லாக நிறுத்தி வைத்திருக்கும் ஆளுக்கு அதில் ஒரு ரூபாய் போய்ச் சேர வழி இல்லை. சுற்றுலா வருமானம் என்று பேசும் எந்த மேடையிலும் இந்தக் கணக்கு பேசப்பட்டு நான் கேட்டதில்லை.

வழி இல்லாததால் நடப்பது என்ன? பக்கத்துப் பாத்திக்காரர் இரண்டு வருஷம் தரிசு போட்டுவிட்டு விற்றுவிட்டார். வாங்கியவர் மேல் படியையும் கீழ் படியையும் ஜேசிபி வைத்துச் சமமாக்கிக் கண்ணாடி வீடு கட்டினார். ஜன்னலைத் திறந்தால் எதிர் மலைப் பாத்திகள் தெரியும் என்பதுதான் அதற்கு விளம்பரம். எதிர் மலையில் இருப்பவரும் விற்றுவிட்டால் அந்த ஜன்னல் வழியாக இன்னொரு கண்ணாடி வீடுதான் தெரியும். கொடைக்கானல் நகரத்தில் இந்தப் பாடம் ஏற்கெனவே படிக்கப்பட்டாயிற்று. விதியை மீறிக் கட்டிய ஏராளமான கட்டடங்களுக்கு நீதிமன்ற உத்தரவுப்படி 2019-ல் சீல் வைத்தார்கள். நகரத்தில் இடம் நெருக்கவும் கட்டடக்காரர்கள் கிராமத்துப் பக்கம் திரும்பினார்கள்.

காட்டுமாட்டையும் சொல்ல வேண்டும். 2013-ல் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நல்ல காரியம். என் சின்ன வயதில் காட்டுமாட்டைப் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால் சுற்றி உட்கார்ந்து கதை கேட்போம். இப்போது கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுப் பக்கமே நிற்கிறது. சுற்றுலா வந்தவர்கள் காரை நிறுத்தி வீடியோ எடுக்கிறார்கள். அதே மாடு ராத்திரி பாத்தியில் இறங்கினால் காரட்டும் பீன்ஸும் விடியும்போது இருக்காது. மதினி டின்னைத் தட்டிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார். மாட்டைக் காப்பது சரி. விடிய விடிய உட்கார்ந்தவருக்கு இழப்பீடு அலைச்சல் இல்லாமல் வீடு தேடி வருவதும் சரியாக நடக்க வேண்டும்.

கூட்டத்தைக் குறைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்குள் வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று நீதிமன்றம் எல்லை வகுத்தது. விடுதிக்காரர்களும் வியாபாரிகளும் கொதித்தார்கள். எங்கள் வீட்டிலேயே அந்தக் கொதிப்பு உண்டு. அண்ணன் மகன் பூண்டை நம்பாமல் வண்டி வாங்கி ஓட்டுகிறான். "அத்தே, ஆளுக வரலேன்னா டியூ யாரு கட்டுறது? நீங்க சொல்றது எல்லாம் சரிதான், பேங்க்காரன் கேக்க மாட்டான்" என்றான். அவனுக்குச் சொல்லப் பதில் என்னிடம் இல்லை. நாற்பது வருஷமாக வா வா என்று கூப்பிட்டு அதை நம்பிக் கடன் வாங்கச் செய்துவிட்டு, திடீரென்று வாசலில் கையைக் குறுக்கே நீட்டினால் அடிபடுவது முதலில் அவன்தான். பெரிய விடுதிக்காரர் ஒரு சீசனைத் தாங்குவார்.

2020-ல் ஊரடங்கின்போது ஒரு விஷயம் கண்ணால் கண்டோம். ஏரிக்கரை மாதக்கணக்கில் வெறிச்சோடிக் கிடந்தது. குதிரைக்காரர்கள் தீவனத்துக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். பூம்பாறையில் லாரி ஓடாத வாரங்களில் பூண்டு பரணிலேயே தொங்கியது. லாரி ஓடியதும் விலை போயிற்று. வண்டி ஓட்டும் பிள்ளை அந்த மாதங்களில் அப்பாவோடு பாத்தியில் இறங்கினான். சுற்றுலாவை நம்பிய ஊருக்கு வெள்ளாமை முட்டுக்கல்லாக இருந்ததை அந்த வருஷம் காட்டியது. அதை யாரும் குறித்து வைத்துக்கொள்ளவில்லை.

எத்தனை வண்டியை இந்த மலை தாங்கும் என்று ஆராய ஐ.ஐ.டி. மெட்ராஸுக்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். படித்தவர்கள், நன்றாகச் செய்வார்கள். அவர்கள் ரோட்டின் அகலத்தையும் பார்க்கிங்கையும் விடுதி அறைகளையும் எண்ணும்போது, பூம்பாறையிலும் கவுஞ்சியிலும் மன்னவனூரிலும் எத்தனை கல்லுக்கட்டு நிற்கிறது, எத்தனை தரிசாகிவிட்டது என்பதையும் எண்ண வேண்டும். மன்னவனூர் ஏரியில் வனத்துறை பரிசல் விட்டு உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்திருக்கிறது. அந்த வழி தெரிந்த அரசாங்கத்துக்கு அடுத்த அடி வைப்பது சிரமமில்லை. மலையில் வாங்கும் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு, ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் கல்லுக்கட்டு எடுத்துக் கட்டுவதற்கென்று ஊராட்சிக்கு வரட்டும். காட்டேஜில் கிடைக்கும் கூலி பாத்தியிலும் கிடைத்தால் ஆள் வரும். கொடைக்கானலிலிருந்து பூம்பாறைக்கு அரைமணிக்கு ஒரு பஸ் விடட்டும். வளைவில் அத்தனை கார் நிற்க வேண்டியதில்லை, அண்ணன் மகனைப் போன்றவர்களுக்கு அந்த பஸ்ஸையே ஓட்டும் வேலை கொடுக்கலாம்.

2030-ல் மறுபடி குறிஞ்சி பூக்கும். அதற்குக் கட்டாயம் விழா எடுப்பார்கள், மந்திரிகள் வருவார்கள், நாடு முழுவதிலிருந்தும் ஆள் வரும். அன்றைக்குப் பாஸ் எத்தனை என்று இப்போதே கணக்குப் போடுவார்கள். அதற்கு நடுவில் வரும் ஒவ்வொரு மழைக்கும் எங்கள் பள்ளத்தாக்கில் சுவர் சரியும். அண்ணனுக்கு இந்த ஐப்பசியில் மூன்று பாத்தி எடுத்துக் கட்ட வேண்டியிருக்கிறது. நிலத்துக்கு விலை பேசித் தரகர் மறுபடி வந்துவிட்டுப் போயிருக்கிறார். கல்லுக்கட்டுக்கு உதவி கேட்டு ஊராட்சிக்கும் சுற்றுலா அலுவலகத்துக்கும் மனு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். எழுதிக்கொண்டிருக்கிறேன்.